நம்ம ஊர் லைன் கடைசி

கண்ணு,

உன்னை ரேணிகுண்டாவில் ரயிலேற்றிவிட்டு நானும் உங்கம்மாவும் பஸ் பிடித்தோம். ரயில் நகர ஆரம்பித்தபோது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நீ ஒன்று கேட்டாயே, அதற்கு நான் பதில் சொல்லவில்லை. "நைனா, இந்தத் தடவ மொத்த ப்ளாண்டையும் நான்தான் ஆன் பண்ணணும். எனக்கு மேல யாரும் இல்ல. பயமா கீது. இன்னா பண்றது?" என்றாய். தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டாயா என்று நான் கேட்டேன். அதற்குள் ரயில் போய்விட்டது. குஜராத்தில் அந்தப் புது ஃபேக்டரிக்குப் போய்ச் சேர உனக்கு இரண்டு பொழுது ஆகும். போனில் சொன்னால் நான் பாதியில் நிறுத்திவிடுவேன், அதனால் எழுதுகிறேன். நீ தெலுங்கு மீடியத்தில் படித்தவள், தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய். பரவாயில்லை, மெதுவாகப் படி. நானும் மெதுவாகத்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். உன் வேலையில் பாதி எனக்குப் புரியாது. போன தீபாவளிக்கு வந்தபோது சாப்ட் ஸ்டார்ட்டர் என்றாய், டிரைவ் என்றாய், பெரிய மோட்டாரைக்கூட அலுங்காமல் குலுங்காமல் கொஞ்சம் கொஞ்சமாக வேகம் ஏற்றிவிடலாம், கரண்ட் குபீரென்று பாயாது என்று பேப்பரில் கோடு போட்டுக் காட்டினாய். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. சித்தூரில் நான் ஐ.டி.ஐ. படித்த காலத்தில் ஒர்க்‌ஷாப் மோட்டாருக்குச் சுவிட்சைப் போட்டால் ஹாலில் இருக்கிற பல்பெல்லாம் ஒரு தரம் கண் சொருகிவிட்டுத்தான் திரும்ப எரியும். நின்றுகொண்டிருக்கிற மோட்டார் கிளம்புகிற அந்த நேரத்தில், ஓடும்போது எடுப்பதைப்போல ஐந்தாறு மடங்கு கரண்ட் இழுக்கும் என்று எங்கள் மாஸ்டர் சொல்லிக்கொடுத்தார். பரீட்சைக்கு எழுதி பாஸ் செய்தேன். அது என்னவென்று உடம்புக்குத் தெரிந்தது சப்ஸ்டேஷனில் ஆபரேட்டராக வேலைக்கு வந்த பிறகுதான்.

உனக்கு அந்த சப்ஸ்டேஷன் ஞாபகம் இருக்கும். பிச்சாட்டூர் பக்கம் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, சுற்றிலும் முள்வேலி, தரையெல்லாம் ஜல்லி. ஞாயிற்றுக்கிழமை உங்கம்மா கேரியரில் சோறு கட்டிக்கொண்டு உன்னையும் அழைத்து வருவாள். வேலிக்கு இந்தப் பக்கமே நின்று பெரிய டிரான்ஸ்பார்மர் போடும் ரீங்காரத்தைக் கேட்டுக்கொண்டிருப்பாய். "நைனா, அது இன்னாத்துக்கு முனகிக்கினே கீது?" என்று கேட்பாய். சோறு தின்றால் சொல்கிறேன் என்பேன். ஸ்கூலில் சந்திரகிரி கோட்டைக்கு அழைத்துப்போய் ஒலி ஒளிக் காட்சி காட்டினார்கள். திரும்பி வந்து ராஜாவைப் பற்றி ஒரு வார்த்தை நீ சொல்லவில்லை. ஒவ்வொரு விளக்காக எரிகிறதே, அந்தச் சுவிட்செல்லாம் யாரிடம் இருக்கிறது என்றுதான் கேட்டாய். உங்கம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

அந்த வயதில் உனக்கு இளைப்பு இருந்தது. மழைக்காலம் வந்தால் எங்கள் இரண்டு பேருக்கும் காது உன் நெஞ்சின் மேலேயே இருக்கும். விசில் சத்தம் போல மெல்லக் கேட்கும், பிறகு தோள் தூக்கித் தூக்கிப் போடும். திருப்பதி டாக்டர் சொன்னதன் பேரில் மருந்தைப் புகையாக்கி மூக்கில் கொடுக்கிற மிஷின் ஒன்றை வாங்கி வைத்திருந்தோம். வெள்ளை டப்பா, பச்சைக் குழாய், முகமூடி. அதை மாட்டிக்கொண்டால் கால் மணி நேரத்தில் உனக்கு நிறம் திரும்பிவிடும். கரண்ட் இருந்தால்.

இப்போது திருப்பதி ஜில்லா என்கிறோம், அப்போது நாம் சித்தூர் ஜில்லா. ஐப்பசி கழிந்து ஒரு புயல் வந்தது. ஆரணி ஆற்று அணை நிரம்பி மதகைத் திறந்துவிட்டிருந்தார்கள். அன்று மத்தியானம் நான் டியூட்டிக்கு வந்தேன், சாயங்காலமே காற்று எழும்பி மேலிருந்து எங்கள் சப்ஸ்டேஷனுக்குக் கரண்ட் கொண்டுவருகிற பெரிய லைன் போய்விட்டது. என்னை மாற்றிவிட வேண்டியவர் தண்ணீருக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டார். விடிந்தபோது நானும் லைன்மேன் முனிரத்தினமும்தான் இருந்தோம். அவன் விடியும் முன்பே ஆட்களைச் சேர்த்துக்கொண்டு கம்பிமேல் விழுந்த கிளைகளை வெட்டப் போய், உடம்பெல்லாம் சேறாகத் திரும்பி வந்தான். எங்களிடமிருந்து ஊர்களுக்குப் போகிற நாலு லைனும் சுத்தமாக இருக்கிறது என்றான். ஆனால் கொடுக்க கரண்ட் இல்லை.

காலையில் பெரிய லைன் வந்தது. வந்த சுருக்கில் போயிற்று. மறுபடி வந்தது, மறுபடி போயிற்று. எங்கோ மேலே லோடு தாங்காமல் விழுகிறது என்று புரிந்தது. ராத்திரி முழுக்க கரண்ட் இல்லாத ஊரில் யாரும் சுவிட்சை அணைத்து வைப்பதில்லை, கண்ணு. போனபோது எது ஓடியதோ அது அப்படியே போட்டபடி கிடக்கும். ஃபேன், பிரிஜ், டி.வி., மாவு மில், கொல்லையில் ஆட்டோ ஸ்டார்ட்டர் வைத்த போர் மோட்டார், எல்லாம். கரண்ட் தொட்டதும் அத்தனையும் ஒரே நேரத்தில் எழுந்துகொள்ளும். தினமும் எண்பது ஆம்ப்ஸ் எடுக்கிற லைன் அந்த நிமிஷத்தில் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு கேட்கும். கொஞ்சம் பொறுத்தால் மோட்டார்கள் வேகம் பிடித்து, பிரிஜ்கள் குளிர்ந்து, மெதுவாக அடங்கும். அது அடங்குவதற்குள் அடுத்த லைனைப் போட்டால் மொத்தமும் டிரிப் ஆகும். மேலிருந்து போனில் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்கள்: "மெல்லகா, ஒகட்டொகட்டிகா." மெதுவாக, ஒவ்வொன்றாக.

மூன்றாம் தடவை வந்தது, போகாமல் நின்றது. முதலில் டிரான்ஸ்பார்மரை மட்டும் ஏற்றினேன். லோடே இல்லாவிட்டாலும் அதுவும் முதலில் ஒரு இழுப்பு இழுக்கும். 'டங்'கென்று உறுமி, பிறகு வழக்கமான முனகலுக்கு வந்தது. அந்தச் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டுவிட்டு ஆஸ்பத்திரி இருக்கிற லைனைப் போட்டேன். ஆம்ப்ஸ் மீட்டரின் முள் எகிறியது. நின்றது. கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. அது இறங்கி நிலைத்த பிறகு இரண்டாவது, ஊருக்குத் தண்ணீர் ஏற்றுகிற லைன். அது எகிறி நின்று முள் இன்னும் ஆடிக்கொண்டிருந்தபோது என் போன் அடித்தது. உங்கம்மா.

"மாமா, சப்ஸ்டேஷன்ல கரண்ட் வந்துட்ச்சாமே. நம்ம லைனை போடு. பாப்பாவுக்கு ராத்திரி புடிச்சி இழுத்துக்கினே கீது. ஒதடு ஒரு மாதிரி ஆவுது."

நம்ம லைன் நாலாவது. அதுதான் நீளம், அதில்தான் போர் மோட்டார்கள் அதிகம், பாரம் அதிகம். அதனால் கடைசி. அதை எப்படிச் சொல்வதென்று தெரியாமல், "கொஞ்சம் பொறு, இன்னொண்ணு போட்டுட்டு நம்மது" என்றேன்.

"கொஞ்சம்னா? உன் கையிலதான சுவிட்சு கீது?"

"ஆஸ்பத்திரியில வந்துட்ச்சு, நீ வேணும்னா..." என்று ஆரம்பித்தேன். போன் செத்துவிட்டது. திருப்பி அடித்தால் ஸ்விட்ச் ஆஃப். ராத்திரி முழுக்க சார்ஜ் இல்லாத போன். அவள் காதில் எது விழுந்தது, எது விழவில்லை என்று எனக்குத் தெரியாது.

முனிரத்தினம் பக்கத்தில் நின்று எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தான். உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு கோயில் ஜாத்திரைக்குப் போனவன் அவன். "அண்ணா, மூணு நாலு ரெண்டையும் ஒண்ணா போட்டுடு. நின்னா நிக்கிது. போனா திரும்பப் போட்டுக்கலாம். கொயந்த விஷயம்" என்றான். அவன் சொன்னதில் தப்பில்லை. நானும் சுவிட்சின் கைப்பிடியில் கை வைத்துவிட்டேன். இந்தக் கை. இன்றைக்கும் அந்த இரும்பின் குளிர் உள்ளங்கையில் இருக்கிறது. நின்றால் உனக்கு மூச்சு. நிற்காவிட்டால் நாலும் போகும், ஆஸ்பத்திரி உட்பட. மேலே இருக்கிறவர்கள் திரும்பக் கொடுக்க எவ்வளவு நேரம் பிடிக்குமோ. காலையிலிருந்து இரண்டு தடவை அப்படித்தான் போயிருக்கிறது. உனக்குக் கரண்ட் வர ஆகிற நேரம் இன்னும் நீண்டுவிடும். மனசு அத்தனையும் உன் பக்கம் இருந்தது, கணக்கு மட்டும் அந்தப் பக்கம் இருந்தது. முள்ளைப் பார்த்தேன். இன்னும் இறங்கவில்லை. கையை எடுத்துவிட்டேன்.

அந்தச் சமயத்தில் போன் ஓயவில்லை. கோழிப் பண்ணைக்காரர் ஒருவர், குஞ்சுகள் குளிரில் சாகின்றன என்று. ஒரு பெரியவர், வீட்டில் சாவு, ஐஸ் பெட்டியில் ஐஸ் உருகிவிட்டது என்று. ஒருத்தர் கெட்ட வார்த்தையில் ஆரம்பித்தார், போர் தண்ணீர் இல்லாமல் மாடுகள் கத்துகின்றன என்று. எல்லாருக்கும் "ஆச்சு, வரும்" என்றேன். எனக்கும் வீட்டில் ஒன்று இருக்கிறது என்று யாரிடமும் சொல்லத் தோன்றவில்லை.

மூன்றாவது லைன் போட்டேன். எகிறியது, இறங்கியது. அது நிலைக்கும்வரை முனிரத்தினம் வராந்தாவில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தான். பிறகு நம்ம ஊர் லைன். அந்த முள் போன இடத்தை அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. டிரான்ஸ்பார்மரின் குரலே மாறிப்போனது. முனிரத்தினம் கண்ணை மூடிக்கொண்டான். முள் மேலேயே நின்றது, நின்றது, பிறகு ஒரு நூல் கீழே வந்தது. இன்னொரு நூல். "நின்னுட்ச்சு அண்ணா" என்று அவன் சொன்னபோதுதான் நான் மூச்சு விட்டேன்.

ஆனாலும் கிளம்ப முடியவில்லை. மாற்று ஆள் வராமல் சப்ஸ்டேஷனை விட்டுப் போகக் கூடாது. வெள்ளம் வடிந்து அவர் டிராக்டரில் ஏறி வந்து சேர்ந்தார். அவர் சட்டையைப் பிழிந்துகொண்டிருக்கும்போதே நான் டி.வி.எஸ். வண்டியை மிதித்துவிட்டேன். வழியெல்லாம் வயலில் மோட்டார்கள் ஓடுகிற சத்தம், வீடுகளில் டி.வி. சத்தம். எல்லார் வீட்டிலும் வந்துவிட்டது என்று எண்ணிக்கொண்டே வந்தேன்.

நம் வீட்டுக் கதவு வெறுமனே சாத்தியிருந்தது. தள்ளினேன். உள்ளே எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. ஃபேன் சுற்றுகிறது. டி.வி.யில் யாரோ சிரிக்கிறார்கள். அடுப்படியில் மிக்ஸி, முந்தின நாள் சாயங்காலம் கரண்ட் போனபோது பாதியில் விட்ட சட்னியோடு தானே ஓடி ஓடிச் சூடேறி, காய்ந்த வாசனை அடித்தது. அதை அணைத்தேன். பிறகும் ஒரு சத்தம் நிற்கவில்லை. கட்டில்மேல் உன் மருந்து மிஷின். கரண்ட் வந்தால் ஒரு நொடியும் வீணாகக் கூடாது என்று உங்கம்மா மருந்து ஊற்றி, சுவிட்சைப் போட்டு, தயாராக வைத்துவிட்டுக் காத்திருந்திருக்கிறாள். முகமூடி தலையணைமேல் கிடந்தது. மருந்தெல்லாம் புகையாகப் போய்விட்டிருந்தது, வெறும் காற்று தலையணை உறையில் படபடத்துக்கொண்டிருந்தது. நீ இல்லை.

அந்த மிஷினை அணைக்க எனக்குக் கை வரவில்லை. எதிர்வீட்டு அம்மா ஈரக் கையோடு வந்து, "பால் வண்டியில ஆஸ்பத்திரிக்கு எத்துனு போனாங்க, அப்பவே" என்றாள். எப்படி இருந்தாள் என்று கேட்க நிற்காமல் வண்டியை எடுத்தேன்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் பெஞ்சுமேல் நீ உட்கார்ந்து பன்னை டீயில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தாய். முகத்தில் முகமூடி அழுத்திய தடம் சிவப்பாக இருந்தது. என்னைப் பார்த்து, "நைனா, உன் சட்டையெல்லாம் அழுக்கு" என்றாய். அங்கே இருந்த சிஸ்டரம்மா, "ஏம் காலேது, பயபடகண்டி" என்று, ஒன்றும் ஆகவில்லை பயப்படாதீர்கள் என்று, என் முகத்தைப் பார்த்தே சொன்னார். வந்தபோது நீ ரொம்ப மோசமாக இருந்தாயாம். இரண்டு மூன்று தடவை விடாமல் மிஷின் வைக்க வேண்டியிருந்ததாம். "இன்வர்ட்டர் விடியறதுக்குள்ளயே தீந்துபோச்சு. நல்ல வேள, கரண்ட் வந்தது வந்தபடி நின்னுச்சு. நடுவுல ஒரு வாட்டி போயிருந்தாலும் கஷ்டம்" என்றார். நான் யார், எங்கே வேலை செய்கிறேன் என்பது அவருக்குத் தெரியாது.

பெஞ்சில் உட்கார்ந்தேன். நான் கைப்பிடியில் கை வைத்திருந்த நேரத்தில் நீ பால் வண்டியில் இருந்திருப்பாய். மூன்றாவது லைன் அடங்கக் காத்திருந்தபோது இந்த முகமூடிக்குள் இருந்திருப்பாய். நான் உனக்குச் சீக்கிரம் கரண்ட் கொடுக்க அவசரப்பட்டிருந்தால் எதை அணைத்திருப்பேன் என்று அப்போதுதான் புரிந்தது. உங்கம்மா என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிஸ்டரம்மா சொன்னது அவளுக்கும் கேட்டது. "நீ போன்ல ஆஸ்பத்திரின்னு சொன்னது மட்டும் காதுல வுழுந்துச்சு. நீதான் போகச் சொல்றேன்னு கெளம்பிட்டேன்" என்றாள். நான் தலையை ஆட்டினேன். அவள் திரும்பி என் முகத்தை ஒரு தரம் முழுசாகப் பார்த்துவிட்டு, "எதனா துன்னியா?" என்று கேட்டாள். முந்தின நாள் மத்தியானச் சோறுதான். உன் கையிலிருந்த பன்னில் பாதியைப் பிய்த்து என்னிடம் கொடுத்தாள். நீ கத்தினாய். அவ்வளவு சத்தமாகக் கத்துகிற அளவுக்கு உனக்கு மூச்சு இருந்தது.

இந்தக் கதையை உங்கம்மா சொந்தக்காரர்களிடம் வேறு மாதிரிதான் சொல்வாள், உனக்கும் அப்படித்தான் தெரியும். ஊருக்கெல்லாம் கரண்ட் கொடுத்துவிட்டு வீட்டுக்குக் கடைசியாகக் கொடுத்தவர் என்று கேலியாக. நான் மறுத்ததில்லை. அதில் பொய் ஒன்றும் இல்லை. மிஷினையும் தலையணையையும் பற்றி மட்டும் அவளிடம்கூடச் சொன்னதில்லை. வீட்டுக்குத் திரும்பியதும் அதை அணைத்து, குழாயைச் சுருட்டி, அலமாரியில் வைத்துவிட்டேன்.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன். பயமாக இருக்கிறது என்றாய். இருக்கட்டும், அது போக வேண்டியதில்லை. சுவிட்சைப் போடும் முன் அந்தப் பக்கம் என்னென்ன போட்டபடி கிடக்கிறது என்று நடந்துபோய்க் கண்ணால் பார். கம்ப்யூட்டரில் தெரிகிறது என்று உட்கார்ந்தே இருக்காதே. எல்லாவற்றையும் அணைக்கச் சொல்லிவிட்டு, பாரம் இல்லாமல் முதலில் ஏற்று. சத்தத்தைக் கேள். உன் மிஷின்கள் என்னுடையதைவிட நாசூக்கானவை, ஆனாலும் எந்த மிஷினும் தன் குரலில் எதையாவது சொல்லும். ஒன்று நிலைத்த பிறகு மற்றொன்று. பாரமானது எதுவோ அது கடைசி. அது உனக்கு எவ்வளவு வேண்டியதானாலும்.

அன்றைக்கு உன் பின்னால் நிறையப் பேர் நிற்பார்கள். மேனேஜர், கம்பெனிக்காரர், வெளிநாட்டிலிருந்து வந்தவர், எல்லாரும் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். ஒரு பெண் இவ்வளவு யோசிக்கிறாளே என்று யாராவது முணுமுணுக்கவும் செய்வார்கள். அவர்கள்மேல் கோபப்படாதே. எனக்கு அன்று போன் செய்தவர்களில் ஒருவர்கூடக் கெட்டவர் இல்லை. ஒவ்வொருவர் வீட்டிலும் ஒன்று மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தது. அதனால் அவசரப்படுத்துகிறவர்களுக்கு நல்ல வார்த்தையாகப் பதில் சொல், ஆனால் சுவிட்சில் இருக்கிற கையை அவர்களுக்குக் கொடுத்துவிடாதே. முள் இறங்கட்டும்.

உங்கம்மா மாவடு ஜாடியைத் துணியில் கட்டி உன் பையின் அடியில் வைத்திருக்கிறாள், சொல்லச் சொன்னாள். ரூமில் தனியாக இருப்பாய், கரண்ட் போனால் இஸ்திரிப் பெட்டியின் பிளக்கை உருவி வைத்துவிட்டு வெளியே போ. புதிய ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளும்வரை காய்ச்சிக் குடி. மொத்த ப்ளாண்டும் ஓட ஆரம்பித்த பிறகு, எல்லாரும் கை தட்டி லட்டு கொடுத்து முடித்த பிறகு, ஒரு ஓரமாகப் போய் எனக்குப் போன் பண்ணு. ஒன்றும் பேச வேண்டாம். போனை அந்தப் பக்கமாகத் திருப்பிப் பிடி. அது எப்படி முனகுகிறது என்று நான் கேட்க வேண்டும்.

உன் நைனா